எண்ணெய்க் கிணறும் ஆராய்ச்சி மணியும்

(தொழிலாளர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



எண்ணெய்க் கிணறுகளில் எச்சரிக்கை மணி அமைப்பதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் உங்களில் சிலருக்கு வியப்பு ஏற்படக்கூடும். விலைவாசி இருக்கிறது, வேலையின்மை இருக்கிறது, மாநில உரிமை இருக்கிறது. இத்தனையும் இருக்க, பூமிக்கடியில் பத்தாயிரம் அடி ஆழத்தில் கிடக்கும் எண்ணெயைப் பற்றியும், அதற்குக் காவல் நிற்கும் கருவியைப் பற்றியும் நமக்கென்ன வந்தது, அது பொறியாளர் பாடு, கம்பெனியார் பாடு என்று எண்ணத் தோன்றும். எண்ணலாம். ஆயினும் ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். மணி எப்போது அடிக்க வேண்டும், யார் காதில் விழ வேண்டும், விழுந்த பிறகு யார் எழுந்து வர வேண்டும் என்னும் இந்த மூன்றையும் முடிவு செய்கிறவர் எவரோ, அவர் கையில்தான் அந்தத் தொழிலின் அதிகாரம் இருக்கிறது. அதிகாரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிக் காண்பதுதானே நமது வேலை!

திருவாரூரிலே மனுநீதிச் சோழன் கட்டிய மணியின் கதையை அறியாதவர் நம்மிடையே இல்லை. கன்றை இழந்த பசு வந்து கயிற்றை இழுத்தது, மணி ஒலித்தது, மன்னன் இறங்கி வந்தான். நடந்த வரலாறா, புனைந்த கதையா என்று அந்த ஆராய்ச்சி மணியைப் பற்றி ஆராய்ச்சி நடத்த நான் வரவில்லை. கதையிலே மணி எங்கே தொங்கியது என்பதைக் கவனியுங்கள். அரண்மனை அந்தப்புரத்திலே தொங்கவில்லை, வாயிலிலே தொங்கியது. கயிறு மன்னன் கையில் இல்லை, வீதியிலே போகிற எவர் கைக்கும் எட்டியது. இழுத்தது மாடேயாயினும் மன்னன் வந்தாக வேண்டும். அந்தத் திருவாரூருக்குப் பக்கத்திலேதான் இன்று அடியக்கமங்கலத்திலும் கோவில்களப்பாலிலும் எண்ணெய்க் கிணறுகள் இருக்கின்றன. அவற்றுக்கும் மணி உண்டு. அந்த மணி எங்கே தொங்குகிறது, கயிறு எவர் கையில் இருக்கிறது என்பதே இன்று நமக்குள்ள கேள்வி.

எண்ணெய்க் கிணறு என்றதும் ஏற்றம் கட்டி இறைக்கும் கிணற்றை மனத்திலே கொண்டுவராதீர்கள். ஆயிரக்கணக்கான அடி ஆழம், அடியிலே சாண் அகலங்கூட இல்லாத துளை. துளை இடிந்து விழாதிருக்க இரும்பு உறைகுழாய்; அதற்குள்ளே எண்ணெயோ எரிவாயுவோ மேலேறி வருவதற்கு இன்னொரு மெல்லிய குழாய்; தரைக்கு மேலே வால்வுகளும் அளவிகளும் கிளை கிளையாய்ப் பொருத்திய ஒரு தலை. அந்தத் தலைக்குக் கிறிஸ்துமஸ் மரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், எண்ணெய்த் தொழிலில் இருப்பவர்கள். அந்த மரத்திலே பரிசு தொங்குவது முதலீட்டாளருக்குத்தான் என்பது வேறு கதை!

முன்பெல்லாம் இந்த மரத்தண்டை ஓர் ஆள் வருவார். காலையிலும் மாலையிலும் கிணறு கிணறாகச் சென்று, அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவார். தொட்டியில் கோல் விட்டு அளப்பார். குழாயைத் தொட்டுப் பார்ப்பார். காது கொடுத்துக் கேட்பார். மண்ணிலே ஈரம் தெரிந்தால் குனிந்து முகர்ந்து பார்ப்பார். இன்று அந்த மரத்திலே உணர்கருவி பொருத்திவிட்டார்கள். பக்கத்திலே ஒரு சூரியத் தகடு, ஒரு சிறு பெட்டி, ஓர் அலைபரப்பி. நிமிடத்துக்கு நிமிடம் அழுத்தம், வெப்பம், பாயும் அளவு ஆகியவை பல கல் தொலைவிலுள்ள கட்டுப்பாட்டு அறைக்குப் போகின்றன. ஒரு திரைக்கு முன்னால் அமர்ந்து ஒருவர் நூறு கிணறுகளைக் காண்கிறார். எல்லாவற்றையும் அவரால் நோக்கிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே, கோளாறு உள்ள கிணறு தானே குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரலுக்குத்தான் எச்சரிக்கை என்று பெயர். குரல் கொடுத்த கிணற்றுக்கு மட்டும் ஆளை அனுப்பினால் போதும் என்பது இந்த ஏற்பாட்டின் கணக்கு.

இயந்திரம் வேண்டாம் என்று சொல்லுகிற கூட்டம் அல்ல நாம். இரவு இரண்டு மணிக்கு, அடைமழையிலே, வரப்பிலே வழுக்கிக்கொண்டு ஒருவர் அழுத்தமானியைப் பார்க்கப் போகவேண்டிய நிலை ஒழிந்தது நல்லதே. மனிதக் கண் அயரும், கருவி அயராது. ஆனால் கருவிக்கு எது ஆபத்து என்று தானாகத் தெரியாது. அதை மனிதர்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள்? ஒரு கிணற்றின் தலையிலே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 80 கிலோ என்பது வழக்கமான நிலை என வைத்துக்கொள்வோம். 90-க்கு மேலே ஏறினால் ஒரு குரல், 70-க்குக் கீழே இறங்கினால் ஒரு குரல். அதற்கும் அப்பால் போனால் குரல் மட்டும் போதாது, வால்வே தானாக மூடிக்கொள்ள வேண்டும் என்று கோடுகள் கிழிப்பார்கள். கோடு கிழிப்பது எளிதென்று தோன்றுகிறதல்லவா? அழுத்தமும் இறங்கி, பாயும் அளவும் குறைந்தால், அடியிலே மணலோ மெழுகோ அடைத்திருக்கலாம், தண்ணீர் சேர்ந்திருக்கலாம். அது வருமானக் குறைவு. அதே அழுத்தம் இறங்கி, பாயும் அளவு மட்டும் கூடினால்? அப்பால் எங்கோ குழாய் உடைந்து, எவருடைய வயலிலோ கொட்டிக்கொண்டிருக்கலாம்! பாய்வது நின்று அழுத்தம் ஏறினால், எங்கோ வால்வு மூடிக்கொண்டது. இரண்டு குழாய்களுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்திலே அழுத்தம் ஏறத் தொடங்கினால், உட்குழாய் ஓட்டையாகி, இருக்கக்கூடாத இடத்துக்கு எரிவாயு வந்துவிட்டது. ஒரே முள்ளின் ஒரே அசைவுக்கு இத்தனை பொருள்! ஒரு கருவியின் எண்ணை மட்டும் வைத்துக் கோடு கிழித்தால் பாதி உண்மைதான் தெரியும். இரண்டையும் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்படி அமைத்தால்தான் மணி பொருளோடு பேசும்.

இன்னும் உண்டு. முள் கோட்டின்மீதே ஊசலாடினால் மணி ஒரே மணி நேரத்தில் நூறு முறை அடிக்கும். ஆகவே, கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். சில நொடி பொறுத்திருந்து, பிறகு அடிக்கச் சொல்ல வேண்டும். எத்தனை நொடி? அதையும் யாரோ ஒருவர் முடிவு செய்கிறார். கிணறு முதுமையடையும்; இன்று 80 காட்டியது இரண்டாண்டு கழித்து 60 காட்டும். கோட்டை மாற்றாமல் விட்டால் மணி ஓயாது. ஓயாத மணியின் வாயை ஒரு நாள் எவரோ அடைத்துவிடுவார். எல்லாவற்றையும்விடக் கொடியது கருவியின் மரணம். உணர்கருவி செத்துப்போனால், அது கடைசியாகச் சொன்ன 80 என்ற எண்ணையே திரை காட்டிக்கொண்டிருக்கும். அறையிலிருப்பவர் அமைதி என்று எண்ணுவார். அங்கே கிணறு என்ன செய்கிறதென்று ஆண்டவனுக்குந் தெரியாது. ஆகவே, செய்தி வரவில்லை என்பதற்கும் ஒரு மணி கட்ட வேண்டும். இந்த மணியைக் கட்ட மறந்த இடங்கள் பல.

இப்போது அரசியலுக்கு வருவோம். இதே திரையிலே இருவகைக் குரல்கள் வருகின்றன. ஒன்று, உற்பத்தி குறைகிறது என்னும் குரல். கம்பெனியின் கல்லாப்பெட்டி எழுப்பும் குரல். மற்றொன்று, உயிருக்கு ஆபத்து என்னும் குரல். முதல் குரல் எழும்போது, கிணற்றை ஓடச் செய் என்று பொருள். இரண்டாவது எழும்போது, கிணற்றை நிறுத்து என்று பொருள். ஓடச் செய்தால் பணம் வருகிறது. நிறுத்தினால் பணம் போகிறது. இரண்டுக்கும் கோடு கிழிக்கிறவர் ஒரே முதலாளியின் சம்பளம் வாங்குகிறவர் என்றால், எந்தக் கோடு நெருக்கமாகவும் எந்தக் கோடு தாராளமாகவும் விழும் என்று நான் சொல்லவும் வேண்டுமோ?

எல்லாவற்றுக்கும் மணி கட்டிவிடுகிறோம், இனி என்ன குறை என்பார்கள். கட்டிப் பார்த்தார்கள். 1994 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை; வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்டு ஹேவன் சுத்திகரிப்பு ஆலையிலே வெடிவிபத்து. அது கிணறல்ல, ஆலை. ஆயினும் பாடம் ஒன்றுதான். வெடிப்பதற்கு முந்திய 11 நிமிடங்களில் 275 எச்சரிக்கைகள்! இரண்டே இயக்குநர்கள். இரண்டரை நொடிக்கொரு மணி அடித்தால் மனிதர் என்ன செய்வார்? படிப்பாரா, சிந்திப்பாரா, ஓடுவாரா? மணியை நிறுத்தும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார்; அதைத்தானே எவரும் செய்ய முடியும். 26 பேர் காயமடைந்தனர். அந்த விசாரணைக்குப் பின்னரே, 1999-இல், எச்சரிக்கை அமைப்பதற்கென்று தனியாக ஒரு வழிகாட்டி பிரிட்டனிலே எழுதப்பட்டது. ஒரு மனிதருக்குப் பத்து நிமிடத்துக்கொன்று என்பதே தாங்கக்கூடிய அளவு என்று அது கூறுகிறது. புலி வருகிறது, புலி வருகிறது என்று கூவிய சிறுவனின் கதையை நம் பாட்டிமார் சொல்லிவைத்ததற்கு இத்தனை பெரிய ஆலை எரிந்துதான் சான்று கிடைக்க வேண்டுமா!

ஆஸ்திரேலியாவின் லாங்ஃபோர்டு எரிவாயு ஆலையிலே, 1998 செப்டம்பர் 25 அன்று இருவர் மாண்டனர், எட்டுப் பேர் காயமுற்றனர். விக்டோரியா மாநிலம் முழுதும் இரு வாரங்களுக்குமேல் அடுப்பெரிக்க வாயுவில்லாமல் தவித்தது. அந்த ஆலையிலே நாளொன்றுக்கு 300 முதல் 400 எச்சரிக்கைகள் வருவது வழக்கம். வழக்கமாகிவிட்ட எச்சரிக்கை எச்சரிக்கையாகுமா? கம்பெனி என்ன சொல்லிற்று தெரியுமோ? கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்த தொழிலாளியின் தவறு என்றது! ஆலையிலிருந்த பொறியாளர்களை 1992-இலேயே தலைநகர் மெல்போர்னுக்கு மாற்றியவர்கள் அவர்கள். குற்றம் மட்டும் ஆலையிலேயே இருந்தவர் தலையில்! அரச ஆணையம் 1999-இல் அந்தப் பழியைத் தள்ளிவிட்டது. பயிற்சியளிக்கத் தவறியது நிர்வாகம் என்று தீர்ப்பெழுதிற்று. அந்தத் தொழிலாளியின் பக்கம் நின்று வாதாடியது தொழிற்சங்கம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கிணற்றுக்கே வருகிறேன். 2010 ஏப்ரல் 20, மெக்சிகோ வளைகுடா. மக்கோண்டோ என்று பெயரிட்ட கிணறு. துளைத்த கலத்தின் பெயர் டீப்வாட்டர் ஹொரைசன். கடல் ஆழமே ஏறத்தாழ 5000 அடி. அதற்கும் கீழே, மொத்தம் 18,000 அடிக்குமேல் துளைத்தாகிவிட்டது. கலத்தின் வாடகை நாளொன்றுக்குச் சுமார் 5 லட்சம் டாலர். வேலையோ ஆறு வாரம்போலப் பின்தங்கிவிட்டது. கிணற்றைச் சிமென்ட் இட்டு மூடிவிட்டுப் போக வேண்டும்; உற்பத்திக்கு வேறு கலம் பிறகு வரும். மூடிய சிமென்ட் தாங்குகிறதா என்று சோதித்தார்கள். துளைகுழாயிலே அழுத்தம் இல்லாதிருக்க வேண்டும். 1400 பவுண்டு காட்டியது. கிணறு உள்ளே உயிரோடிருக்கிறது, மூடப்படவில்லை என்று அந்த எண் சொல்லிற்று. சோதனை வெற்றி என்று முடிவு செய்தார்கள்! வேறொரு குழாயிலே சுழியம் காட்டியதாம். 1400-க்கு ஏதோ ஒரு விளக்கம் கண்டுபிடித்தார்களாம். இருவேறு சாட்சிகளில், தமக்குச் சாதகமான சாட்சியை மட்டும் நம்பும் நீதிபதியைப்போல!

பிறகு கனமான சேற்றை எடுத்துவிட்டுக் கடல்நீரை உள்ளே விட்டார்கள். இரவு 9 மணி 1 நிமிடம் முதல், எக்கி ஒரே சீராக ஓடும்போதே அழுத்தம் குறைவதற்குப் பதில் ஏறத் தொடங்கியது, 1250-லிருந்து 1350. 9 மணி 8 நிமிடத்துக்கு எக்கியை நிறுத்தினார்கள். நிறுத்தினால் அழுத்தம் அசையாது நிற்க வேண்டும். 9.14-க்குள் 1017-லிருந்து 1263-க்கு ஏறிவிட்டது! அடியிலிருந்து எண்ணெயும் வாயுவும் மேலேறி வருகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிவிப்பு வேண்டுமா? திரையிலே கோடு வளைந்தது, மணி அடிக்கவில்லை. எக்கி நின்றிருக்கும்போது அழுத்தம் ஏறினால் கூவு என்று அந்தக் கருவிக்கு எவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. திரையைப் பார்க்க வேண்டியவர்களுக்கோ அந்த மாலையிலே ஒரே நேரத்தில் ஒன்பது வேலை. அழுத்தத்தையும் கவனிக்க வேண்டும், சேற்றையும் இடம் மாற்ற வேண்டும், அடுத்த பணிக்கும் ஆயத்தமாக வேண்டும். 9 மணி 49 நிமிடத்துக்கு வெடித்தது. கலத்தில் இருந்தோர் 126 பேர். 11 தொழிலாளர்கள் மாண்டனர். 87 நாள் கடலிலே எண்ணெய் கொட்டியது.

குடியரசுத் தலைவர் ஒபாமா அமைத்த ஆணையம் 2011 ஜனவரியில் அறிக்கை தந்தது. சரியான எண்ணைச் சரியான நேரத்தில் ஒரு மனிதர் பார்த்தாக வேண்டும் என்ற நிலையிலேயே கிணற்றுக் காவலை விட்டுவைத்திருக்கிறீர்களே, இத்தகைய மாறுதலைக் கண்டு தானே குரலெழுப்பும் எச்சரிக்கையைத் திரையிலேயே அமைப்பதற்கு என்ன தடை என்னும் பொருள்பட அவ்வறிக்கை கேட்டது. தடை அறிவியலில் இல்லை. 5000 அடித் தண்ணீருக்குக் கீழே துளைபோடத் தெரிந்த அறிவுக்கு, ஏறுகிற எண்ணைக் கண்டு மணியடிக்கத் தெரியாதா!

அடித்திருந்தால் மட்டும் போதுமா என்பதற்கும் அதே கலத்திலே விடை உண்டு. கலம் முழுவதையும் எழுப்பும் பொது அபாய மணி தானாக ஒலிக்காதபடி தடுத்துவைக்கப்பட்டிருந்தது என்று கலத்தின் தலைமை மின்னணுத் தொழில்நுட்பர் 2010 ஜூலையில் அரசு விசாரணையிலே சாட்சியம் கூறினார். வாயுவையும் தீயையும் உணர்கருவி காணும். கட்டுப்பாட்டு அறையிலே விளக்கு எரியும். ஆனால் ஓர் ஆள் பொத்தானை அழுத்தினாலன்றி உறங்குகிறவர் காதில் மணி விழாது. காரணம் கேட்டார்கள். பொய்யெச்சரிக்கைக்கெல்லாம் அதிகாலை மூன்று மணிக்கு ஆட்களை எழுப்ப வேண்டாம் என்று மேலே உள்ளவர்கள் எண்ணியதாகச் சொன்னார். கம்பெனியோ, இது கடல்தொழிலிலே ஏற்கப்பட்ட வழக்கந்தான் என்று விளக்கம் அளித்தது. இருக்கலாம். வழக்கமென்பதால் வாயு காத்திருக்குமா?

எண்ணெய்க் கம்பெனி 11 பேர் சாவுக்கான குற்றத்தை 2012-இல் ஒப்புக்கொண்டு, 400 கோடி டாலர் கட்ட இசைந்தது. கிணற்றிலே மேற்பார்வை பார்த்த இருவர்மீது தொடரப்பட்ட உயிர்க்கொலைக் குற்றச்சாட்டுகள் 2015-இல் கைவிடப்பட்டன. சிறை சென்றவர் எவருமில்லை.

மணி அடித்தது, கண்ணாலும் கண்டார்கள், ஆயினும் நிறுத்தும் துணிவு எவருக்கும் வரவில்லை என்ற கொடுமையும் நடந்திருக்கிறது. வட கடலிலே, ஸ்காட்லாந்துக்குக் கிழக்கே, பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை. 1988 ஜூலை 6, இரவு பத்து மணி. பாதுகாப்பு வால்வைப் பழுது பார்க்கக் கழற்றிவைத்திருந்த எக்கியை, வால்வு கழற்றப்பட்டிருக்கிறது என்ற செய்தி அறியாத இரவுப் பணியாளர் இயக்கினர். வாயு கசிந்தது, கசிவு மணிகள் அடித்தன, சிறிது நேரத்திலேயே வெடித்தது. அந்த மேடைக்கு, கிளேமோர், டார்ட்டன் என்ற வேறு இரண்டு மேடைகளிலிருந்து குழாய்கள் வந்து சேர்கின்றன. பைப்பர் எரிவதை அவர்கள் அறிவார்கள். ஆயினும் எண்ணெயும் வாயுவும் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தன! டார்ட்டனிலிருந்து வந்த வாயுக் குழாய் 10.20-க்கு வெடித்தது. கிளேமோரிலே, உற்பத்தியை நிறுத்திவிடுவோம் என்று ஓர் அதிகாரி திரும்பத் திரும்ப வற்புறுத்தினார். மேடைத் தலைவர் கரையிலுள்ள மேலிடத்தோடு தொடர்பு கொள்ள முயன்றுகொண்டிருந்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்தே நிறுத்தினார்கள். 167 பேர் மாண்டனர். அவர்களில் இருவர் காப்பாற்றப் படகிலே சென்றவர்கள்.

அந்தத் தலைவரைக் கல்நெஞ்சர் என்று ஏசுவதிலே பயனில்லை என்பது என் கருத்து. நிறுத்தினால் மறுபடி தொடங்க நாட்கணக்காகும். ஒவ்வொரு நாளும் பெரும்பணம் போகும். மேலிடம் கேள்வி கேட்கும். நிறுத்தாததற்காக எவரும் கேள்வி கேட்டதில்லை. இந்தச் சூழ்நிலையிலே அமர்த்தப்பட்ட எவருடைய கையும் நடுங்கத்தான் செய்யும். அவர் கையை நடுங்கவைத்த ஏற்பாட்டைத்தான் நாம் பார்க்க வேண்டும். கல்லன் பிரபு நடத்திய விசாரணை 1990-இல் 106 பரிந்துரைகளைத் தந்தது. கம்பெனிமீது குற்ற வழக்கு ஒன்றும் தொடரப்படவில்லை.

தொழிலாளர் சும்மா இருக்கவில்லை. தங்களுக்கென்று பாதுகாப்புப் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை 1989-இல் பிரிட்டிஷ் கடல் மேடைகளுக்குச் சட்டமாக வந்தது. அது போதாதென்று 1989-லும் 1990-லும் மேடைகளிலேயே வேலைநிறுத்தம் செய்தார்கள். கடல் நடுவே வேலைநிறுத்தம்! வேலையிழந்தோர், மறுபடி எங்கும் வேலை கிடைக்காமல் ஒதுக்கப்பட்டோர் பலர்.

கடலுக்கு அக்கரையிலே நார்வே நாடு இதற்கு முன்பே ஒருபடி மேலே போயிருந்தது. 1977-இல் அங்கே இயற்றிய பணிச்சூழல் சட்டத்தைக் கவனமாகக் கேளுங்கள். தொழிலாளர் தேர்ந்தெடுத்த பாதுகாப்புப் பிரதிநிதி, உயிருக்கு உடனடி ஆபத்து என்று கருதி, வேறு வழியாலே உடனே அதைத் தவிர்க்க முடியாது என்றும் கண்டால், வேலையை நிறுத்திவிடலாம். அப்படி நிறுத்தியதால் கம்பெனிக்கு நட்டம் ஏற்பட்டால், அந்த நட்டத்துக்கு அவர் பொறுப்பாளியல்லர்! இந்த இரண்டாவது பகுதியைத்தான் நான் பொன்னெழுத்து என்பேன். முதல் பகுதியை எவரும் எழுதிவிடலாம். இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது வெறுங்காகிதம். சட்டம் இருந்தும் 1980-இல் அலெக்சாண்டர் கீலண்ட் என்ற நார்வே மேடை கவிழ்ந்து 123 பேர் மாண்டார்கள் என்பதையும் மறைக்கவில்லை. அது பற்றவைப்பிலே தொடங்கிய விரிசல்; எந்தக் கிணற்று மணியும் அதை அறிவித்திருக்காது.

நம் நாட்டுக்கு வருவோம். அசாமிலே பாக்ஜான் 5-ஆம் எண் கிணறு, 2020 மே 27 அன்று பீறிட்டது. ஜூன் 9-இல் தீப்பற்றியது. தீயணைக்கச் சென்ற இருவர் மாண்டனர். கிணற்றை அடக்க நவம்பர் 15 ஆயிற்று. பக்கத்திலே காடு, பக்கத்திலே மீன் நிறைந்த ஏரி; ஆயிரக்கணக்கான மக்கள் வீட்டைவிட்டு முகாமுக்குச் சென்றனர். நம்முடைய கதிராமங்கலத்திலே 2017 ஜூன் 30 அன்று குழாய் கசிந்து கச்சா எண்ணெய் வயலிலே பரவியது. ஊர் திரண்டது, தடியடி நடந்தது, கைது நடந்தது. எண்ணெய் கசிந்ததற்குப் பதில் கேட்டவர்கள் குற்றவாளிகளானார்கள். ஆராய்ச்சி மணியை இழுத்த பசுவைப் பவுண்டிலே அடைத்த கதை!

காவிரிப் படுகை 2020-இல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாயிற்று. புதுக் கிணறுகளைப் பற்றிய போராட்டம் வேறு, அதை இங்கே கலக்கவில்லை. முன்பே தோண்டிய கிணறுகளும் புதைத்த குழாய்களும் வயலுக்கடியிலே கிடக்கின்றனவே, அவற்றுக்குக் காவல் என்ன? நிர்வாகம் கருவி வைத்திருக்கிறோம் என்னும். நாம் மலைத்துத் திரும்பிவிடக்கூடாது. கருவியைப் பற்றிக் கேட்கப் பொறியாளர் பட்டம் தேவையில்லை. இதுவரை சொன்னவற்றைக் கொண்டே கேட்கலாம்.

இந்தக் கிணற்றுக்குக் கோடு கிழித்தவர் யார், கடைசியாக எப்போது மாற்றினீர்கள், மாற்றியதை எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். ஒரு மணியை அடக்கிவைத்தால் யார் அனுமதியோடு அடக்கினீர்கள், எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். நாளொன்றுக்கு எத்தனை எச்சரிக்கை வருகிறது, இரவிலே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்; எண்ணிக்கையைச் சொல்லத் தயங்கினால் அதுவே ஒரு விடை. கருவி செத்துப்போனால் எத்தனை நிமிடத்தில் தெரியும் என்று கேளுங்கள். நிறுத்தும் பொத்தானை அழுத்திய ஒப்பந்தத் தொழிலாளிக்கு மறுநாள் வேலை உண்டா என்பதை நிர்வாகத்திடம் கேட்காதீர்கள். அந்தத் தொழிலாளியிடமே தனியாகக் கேளுங்கள். அவர் முகத்திலேயே விடை தெரிந்துவிடும்.

ஊராரைப் பற்றியும் கேளுங்கள். குழாயிலே அழுத்தம் திடீரென்று வீழ்ந்தால் கட்டுப்பாட்டு அறையிலே மணி அடிக்கிறது, சரி. அந்தக் குழாய்க்கு மேலே நாற்று நட்டுக்கொண்டிருக்கும் பெண்களுக்கு அதை யார் சொல்வது, எத்தனை நேரத்தில் சொல்வது? ஊராட்சித் தலைவரின் தொலைபேசி எண் அந்த அறையிலே எழுதித் தொங்குகிறதா? வயலிலே எண்ணெய் வாடை அடிக்கிறது என்று ஓர் உழவர் நள்ளிரவில் சொல்ல விரும்பினால், எடுக்க ஆளுள்ள எண் எது? அந்த எண்ணை ஊர்ப் பொதுவிடத்திலே எழுதி வைத்திருக்கிறார்களா? வரும் வாரம் உங்கள் பகுதிக் கிணற்று வேலிக்குப் பக்கத்திலே சென்று, அங்குள்ள பலகையைப் படித்துப் பாருங்கள். எண் இருந்தால், இரவிலே ஒருமுறை அதற்குப் பேசிப் பாருங்கள்.